ஈட்டி மரமும் கிட்டார்ப் பட்டறையும்

உலகின் பேர்பெற்ற அகௌஸ்டிக் கிட்டார்களைத் திருப்பி முதுகைப் பார்த்தால், அவற்றில் கணிசமானவை தென்னிந்திய மலைச்சரிவில் வளர்ந்த ஈட்டி மரத்தால் ஆனவை. தோதகத்தி என்றும் அதற்குப் பெயர் உண்டு. அறுத்தால் பழுப்பிலும் ஊதாவிலும் கருவரி ஓடும். வைரம் பாய்ந்த பகுதியைத் தட்டினால் பித்தளைத் தட்டைத் தட்டியதுபோல நாதம் நிற்கும். 1969இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம், அதுவரை பயன்படுத்திவந்த பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும், நம் பக்கத்து ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். நீலகிரியும் வயநாடும் குடகும் கொடுத்த மரம் கேரள, கர்நாடக அறுவை ஆலைகளில் மெல்லிய ஜோடிப் பலகைகளாகிக் கப்பலேறுகிறது. பென்சில்வேனியாவிலோ ஸ்பெயினிலோ அது கிட்டாராகிறது. திரும்பி வரும்போது விலையும் வேறு, ஊர்ப் பெயரும் வேறு.

மரம் இங்கே இருக்கிறது. வீணை செய்யும் தச்சர்கள் இருக்கிறார்கள். கிட்டாருக்கோ தமிழ்த் திரையிசையில் ஐம்பது ஆண்டு வாழ்வு உண்டு. தாம்பரம்–செங்கல்பட்டு மின்ரயிலில் மாலை நேரத்தில் ஏறினால், பொத்தேரியில் ஏறும் கல்லூரிப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் முதுகில் கிட்டார்ப் பை தொங்கும், கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளுக்கு மேல்மாடியில் கிட்டார் வகுப்புப் பலகைகளையும் பார்க்கலாம். இத்தனை இருந்தும், கையால் கிட்டார் செய்வது இங்கே ஒரு தொழிலாக ஏன் வேர்பிடிக்கவில்லை? பொதுவாகச் சொல்லப்படும் பதில்கள் மூன்று: நல்ல மரம் ஏழை நாட்டுத் தச்சனுக்குக் கட்டுப்படியாகாது, கிட்டார் நம் மரபில்லை, தொழிற்சாலைக் கருவி மலிவு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே முக்கியமான காரணத்தைத் தொடவில்லை என்பது என் கருத்து.

மரத்தைப் பற்றிய பதிலை முதலில் பார்க்கலாம். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தைத் தீர்மானித்தவர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). ஸ்பெயினின் அல்மெரியா பகுதியில் பிறந்த தச்சர். உடலைப் பெரிதாக்கி, தந்தியின் நீளத்தை ஏறத்தாழ 65 செ.மீ. என்று நிலைநிறுத்தி, முகப்புப் பலகையின் உட்புறம் விசிறிபோல் விரியும் ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அவர். 1862இல் அவர் ஒரு விசித்திரமான கிட்டார் செய்தார். முகப்பு மட்டும் நல்ல ஸ்புரூஸ் மரம். முதுகும் விலாவும் காகித அட்டை. கிட்டாரின் குரல் முகப்பிலிருந்துதான் பிறக்கிறது, முதுகுக்கு என்ன மரம் என்பது இரண்டாம்பட்சம் என்று காட்டுவதற்காகவே அதைச் செய்தார். அந்த அட்டைக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈட்டி மரத்தைப் புகழ்ந்து இந்தக் கட்டுரையைத் தொடங்கிவிட்டு உடனே இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். முதுகு மரம் நாதத்துக்கு நிறம் சேர்க்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மரத்தின் விலையை வைத்துக் கருவியை எடைபோடும் பழக்கத்துக்கு அந்த அட்டைப் பெட்டி நல்ல மருந்து.

முகப்பின் வேலை எளிதல்ல. இரும்புத் தந்தி பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கின்றன. அந்த இழுவையைத் தாங்க வேண்டிய பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டருக்குள். கனமாக விட்டால் பலகை உழைக்கும், பாடாது. மெலிதாக இழைத்தால் பாடும், ஆனால் சில ஆண்டுகளில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னால் வயிறு தள்ளிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவு மரத்துக்கு மரம் மாறும், ஒரே மரத்தின் இரண்டு பலகைகளுக்குள்ளும் மாறும். தொழிற்சாலையில் எல்லாப் பலகைக்கும் ஒரே கனம், அதுவும் பழுது திரும்பி வராதபடி சற்றுக் கூடுதலாகவே. கைவினைஞர் பலகையை இரு விரலில் தொங்கவிட்டுத் தட்டுகிறார், வளைத்துப் பார்க்கிறார், இழைப்புளியால் இரண்டு சீவு சீவுகிறார், மறுபடி தட்டுகிறார். உள்சட்டங்களை ஒட்டியபின் அவற்றின் ஓரங்களை உளியால் செதுக்கி மறுபடியும் தட்டுகிறார். கைவினைக் கிட்டார் என்று கூடுதல் விலை கொடுக்கிறோமே, அதன் பெரும்பகுதி இந்தத் தட்டலுக்குத்தான். முத்துச்சிப்பிப் பதிப்பும் மினுக்கும் மெருகும் கண்ணுக்கு. மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லைத் தட்டி, ஒலியைக் கொண்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரித்து, எது எந்தச் சிலைக்கு என்று முடிவுசெய்யும் மரபு அது. உளிக்கு முன்னால் காது வேலை செய்யும் ஊர்.

விலாப் பலகையை வளைப்பது வேறொரு கலை. இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த ஈட்டியை நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் அழுத்தி அழுத்தி, இடுப்பு வளைவுக்குக் கொண்டுவருகிறார்கள். அவசரப்பட்டால் மரம் பிளக்கும். சூடு மிஞ்சினால் கருகும். பழைய பட்டறைகளில் ஒட்டுவதற்கு விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம். மெருகுக்கு அரக்கைச் சாராயத்தில் கரைத்து துணிப்பந்தால் மெல்லிய படலங்களாகத் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ். பெயர்தான் பிரெஞ்சு. அந்த அரக்கு பெருமளவு ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் மரக்கிளைகளில் பூச்சிகள் கட்டுவது.

விரல்பலகையில் ஃப்ரெட் என்ற மெட்டுகளை வைப்பது கணக்கு வேலை. தந்தியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் நிற்க வேண்டிய தூரம் வரும். மிஞ்சிய நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. 650 மி.மீ. தந்திக்கு முதல் ஃப்ரெட் 36.5 மி.மீட்டரில் விழும். இப்படி வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நட்டநடுவில் வந்து நிற்கும். கால் மில்லிமீட்டர் பிசகினால் தேர்ந்த காது கண்டுபிடித்துவிடும். வீணையில் இது காதின் வேலை. அங்கே இருபத்துநான்கு மெட்டுகளையும் தேன்மெழுகும் கரித்தூளும் குங்கிலியமும் கலந்த மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் வாசித்துக் கேட்டு நகர்த்தி நிறுத்துகிறார்கள். மேளம் கட்டுவது என்பார்கள். வருடங்கள் போய் மெழுகு இளகினால் மறுபடி கட்ட வேண்டும்.

இனி மரபு பற்றிய கேள்வி. தோரெஸ் தச்சராகத்தான் தொடங்கினார் என்றேன். மார்ட்டின் நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டினின் கதை இன்னும் சுவையானது. 1796இல் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷென் ஊரில், அலமாரி மேசை செய்யும் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் யோஹான் கேயார்க் ஷ்டாவ்ஃபரின் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பினார். ஊரில் வயலின் செய்பவர்களின் சங்கம், 'கிட்டார் எங்கள் உரிமை, மேசை செய்கிறவர்கள் தொடக் கூடாது' என்று வழக்குப் போட்டது. சில ஆண்டுகள் இழுத்த வழக்கில் தச்சர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது. ஆனாலும் 1833இல் மார்ட்டின் கப்பலேறி நியூயார்க் போய்விட்டார். அங்கிருந்து சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். முகப்பின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி வடிவில் சட்டம் ஒட்டும் முறை 1840களில் அவருடைய பட்டறையில் உருப்பெற்றது. பிற்காலத்தில் இரும்புத் தந்தியின் இழுவையைத் தாங்கியது அந்தச் சட்டம்தான். எந்தத் தொழில் எந்தக் குலத்துக்கு என்ற சண்டை நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தோரெஸின் வாழ்க்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது. என் வாதத்துக்கு அதுதான் முக்கியம். அவர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. ஹூலியான் ஆர்காஸ் என்ற வித்துவான் பட்டறைக்கு வந்து, இன்னும் எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோரெஸ் 1864இல் செய்த ஒரு கருவி பின்னால் இளம் பிரான்சிஸ்கோ தாரெகாவின் கைக்குப் போனது. நவீன கிட்டார் வாசிப்பு பெரிதும் அந்தக் கைகளிலிருந்து வளர்ந்தது. அத்தனை புகழ் இருந்தும் நடுவில் சில ஆண்டுகள் தோரெஸ் அல்மெரியாவில் பீங்கான் பாத்திரக் கடை வைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ஹெர்மான் ஹௌசர் கதையும் இதே வகை. 1924இல் ஆந்த்ரேஸ் செகோவியா மியூனிக் வந்தபோது தன் ஸ்பானியக் கருவியை ஹௌசரிடம் காட்டினார். அளந்து பார்த்துக்கொண்ட ஹௌசர், செய்து செய்து செகோவியாவிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். செகோவியாவும் இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று திருப்பிக்கொண்டே இருந்தார். 1937இல் செய்த கிட்டாரைத்தான் அவர் மனநிறைவோடு ஏற்றுப் பல்லாண்டுகள் வாசித்தார். ஒரு கருவிக்குப் பின்னால் ஒரு டஜன் ஆண்டுப் பேச்சுவார்த்தை. கைவினைக் கிட்டாரின் வரலாற்றைத் தனி மேதைகளின் வரலாறாக எழுதுகிறார்கள். எனக்கு அது இரண்டிரண்டு பேரின் வரலாறாகவே தெரிகிறது: செய்பவர் ஒருவர், 'இது போதாது' என்று சொல்ல உரிமை உள்ள வாசிப்பவர் ஒருவர்.

நம் பக்கத்தில் இந்த இணை ஒரு காலத்தில் பலமாக இருந்தது. மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பொறித்துக்கொண்ட பட்டப்பெயர்களில் வீணா நாரதன் என்பதும் ஒன்று. அரசனே தந்திக் கருவியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட நாடு. தஞ்சாவூர் வீணையின் இன்றைய உருவத்தை, இருபத்துநான்கு மெட்டுகளை நிலையாக அமைத்த வடிவத்தை, பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட ரகுநாத நாயக்கரின் அவையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவில் குடத்தைக் குடைந்து, தண்டியைச் செதுக்கி, யாளி முகம் பொருத்தி, சுரைக்குடுக்கை மாட்டி, பிரடை கடைந்து முடிக்கிறார்கள். ஒரே மரத்தில் முழுவதும் குடைந்தால் ஏகாந்த வீணை. குடமும் தண்டியும் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகத்தின் ஒரே தந்திக் கருவிப் பட்டறை மரபு என்று சொல்லத்தக்கது இது. குறியீடு கிடைத்தால் பட்டறை செழித்துவிடும் என்று நம்புகிறவர்கள் தஞ்சாவூர் போய் விசாரிக்கலாம். பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்ப விரும்பும் ஆசாரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

யாழின் கதி நமக்குத் தெரிந்ததே. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று நூல்களில் பெயரோடு நின்றது. பட்டறையிலும் கையிலும் இல்லாமல் போனது. மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். யாழுக்கான கணக்கு கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கணக்கை மரத்தில் ஏற்றும் தச்சரும், ஏற்றியதை வாசித்துக் குறை சொல்லும் வித்துவானும் சேர்ந்த பட்டறை மரபு அதைத் தொடர்ந்து வேர்பிடிக்கவில்லை.

இங்கே வயலினைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் 'கிட்டார் நம் மரபில்லை' என்ற பதில் அங்கே அடிபட்டுப் போகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில், இருநூறு ஆண்டுக்கு முன், வயலின் கர்நாடக இசைக்குள் வந்தது. வாசிப்பவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார், வயலினின் தலைச்சுருளை வலது காலில் ஊன்றினார், தந்திகளின் சுருதியை மாற்றினார். கருவி முழுக்க நம்முடையதாயிற்று. ஆனால் அதைச் செய்யும் தச்சு மரபு, வீணைக்கு இருப்பதுபோல, இங்கே எழவில்லை. வாங்கினோம், பழுது பார்த்தோம், பிரமாதமாக வாசித்தோம். வாசிப்பில் நாம் காட்டிய துணிச்சல் பட்டறைப் பக்கம் எட்டவில்லை.

கிட்டார் வந்த வழி வயலின் வந்த வழி அல்ல. சபாவுக்குள் அல்லாமல் தேவாலயப் பாடற்குழுவிலும், ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியர்களின் நடன மாலைகளிலும் அது வளர்ந்தது. பெரம்பூரிலிருந்து தாம்பரம் வரை ரயில் பாதையை ஒட்டியே அதன் ஆரம்பகாலக் கேட்பவர்கள் இருந்தார்கள் என்றால் பெரிதும் பொருந்தும். அங்கிருந்து ஸ்டூடியோவுக்குப் போனது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். எழுபதுகளின் இறுதியிலிருந்து கிட்டார் தமிழ்ப் பாட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது அவர் வழியாகத்தான். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் கிட்டாரை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டு போய்விடும். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வேண்டியது நேரத்துக்குச் சுருதி சேரும் ஒரு கருவி. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு; இசைக்கலைஞர் தச்சர் முன்னால் உட்கார்ந்து 'கீழ்த்தந்தி இன்னும் பேச வேண்டும்' என்று சொல்ல அந்த வேகத்தில் இடமில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த கிட்டார் கிடைத்தாலே பெரிய விஷயம்.

செய்பவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான அந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டிய இடம் சென்னை, நடந்தது அமெரிக்காவில். ஆங்கிலேய கிட்டார்க் கலைஞர் ஜான் மக்லாஃப்லின் எழுபதுகளின் தொடக்கத்தில் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். வீணையில் மெட்டுக்கும் தண்டிக்கும் இடையே ஆழம் இருப்பதால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை ஒரே மெட்டில் நிற்க வைக்கலாம். கிட்டாரின் தட்டை விரல்பலகையில் விரல்நுனி மரத்தில் இடித்து நிற்கும். எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் உடன் வாசித்த 'சக்தி' குழுவுக்காக, கிப்சன் நிறுவனத்தின் வழியாக ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் மக்லாஃப்லினுக்கு ஒரு கிட்டார் செய்துகொடுத்தார். ஃப்ரெட்டுகளுக்கு இடையே விரல்பலகையைப் பள்ளமாகக் குடைந்திருந்தது. ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு சுருதித் தந்திகள் ஓடின. தஞ்சாவூர் வீணைக்காரருக்குப் பார்த்ததும் விளங்கிவிடும் யோசனை. இங்கேயே நான்கு பேர் கூடியிருந்தால் அந்தக் கிட்டார் தஞ்சாவூரின் கருந்தட்டாங்குடியில் பிறந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வட இந்தியாவில் அப்படிக் கூடினார்கள். ஹவாய் கிட்டாரை மடியில் கிடத்தி ராகம் வாசித்த பிரிஜ் பூஷண் காப்ராவின் வழியில், விஸ்வமோகன் பட் மோகன வீணையை அமைத்து 1994இல் கிராமி விருது வாங்கினார். கல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா சதுரங்கி என்ற கருவியை வகுத்தார். நழுவு வாசிப்பு தமிழகத்துக்குப் புதிதல்ல. திருவிடைமருதூர் சகாராம் ராவும் கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்காரும் அதைக் கச்சேரிக் கலையாக்கியவர்கள். ஆனால் அந்த அனுபவம் கிட்டாரின் பக்கம் திரும்பவில்லை.

மலிவுக் கருவி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெடுங்காலம் கல்கத்தாப் பட்டறைகள்தான் நாடு முழுவதும் தொடக்கநிலை கிட்டார் கொடுத்தன. கிவ்சன், ஹோப்னர் என்று வெளிநாட்டுப் பெயர்களின் வாடையோடு வந்த அந்தப் பெட்டிகளில்தான் இரண்டு தலைமுறை 'சி மேஜர்' பிடிக்கக் கற்றது. பிறகு சீனமும் இந்தோனேசியாவும் வந்தன. 2019இல் யமஹா சென்னைக்கு அருகே தொழிற்சாலை தொடங்கிக் கீபோர்டோடு அகௌஸ்டிக் கிட்டாரும் செய்கிறது. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருமணி நேரப் பயணத்தில் உலகத் தரமுள்ள கிட்டார் வரிசையில் உருவாகிறது. இது கைவினைக்கு எதிரி என்று நான் நினைக்கவில்லை. மலிவாக நல்ல கருவி கிடைத்தால் வாசிப்பவர்கள் பெருகுவார்கள். நூறு பேர் வாசித்தால் அதில் ஒருவருக்காவது அந்தப் பெட்டி போதாமல் போகும். அந்த ஒருவர் எங்கே போவார் என்பதுதான் கேள்வி.

அவர் தச்சரிடம் போனாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஈட்டி இப்போது அழியும் அபாயப் பட்டியலில் இருக்கும் மரம். கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டின் காடு என்பதற்கே புதிய வரையறை சொன்னது. அதற்கு முன்பே தமிழக அரசு ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. சொந்தப் பட்டா நிலத்து ஈட்டியை வெட்டவும் அதன்படி அனுமதி வேண்டியிருந்தது. வெளியே அனுப்புவதில் வேறு சிக்கல். அறுத்த கட்டையாக ஏற்றுமதி கூடாது. 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட தகடு என்றால் போகலாம். கிட்டாரின் முதுகும் விலாவும் இந்தக் கணக்கில் தப்பிவிடும், ஆனால் விரல்பலகைக் கட்டை அதைவிடக் கனம். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளில் புகுந்து இந்திய ஈட்டி, கருங்காலி விரல்பலகைகளை அள்ளிச் சென்றது இந்த மில்லிமீட்டர் கணக்கால்தான். மறு ஆண்டில் சமரசம் ஆனது. மடகாஸ்கர் கருங்காலிக்காக கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இந்திய மரத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினம் ஏறத்தாழ முழுவதும் அழிநிலை உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. கச்சேரிக்குக் கிட்டாரோடு விமானம் ஏறுகிறவர்கள்கூடக் கலங்கிப்போனார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

இந்தச் சட்டங்களை அலுப்போடு கடந்துபோகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கச்சா மரத்துக்குத்தான் தடை. செய்து முடித்த கருவிக்கு வழி இருக்கிறது. மரத்தை அனுப்பாதே, கருவியாகச் செய்து அனுப்பு என்று சட்டமே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கப் பட்டறைதான் இல்லை.

பட்டறை வைப்பவருக்கு இந்தக் கடற்கரையின் முதல் எதிரி ஈரம். மேலைநாட்டுப் பட்டறைகள் காற்றின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்துக்கொள்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் அது எண்பதைத் தாண்டும். மரம் நெடுக்கில் மாறாது, குறுக்கில் விரியும். அடைமழைக் காலத்தில் வாசற்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதுபோல முகப்புப் பலகை உப்பி, தந்தி விரல்பலகையிலிருந்து மேலே போய்விடும். அந்த ஈரத்தில் ஒட்டி முடித்த கருவியை ஏசி ஓடும் ஸ்டூடியோவிலோ தில்லிக் குளிரிலோ வைத்தால் சுருங்கி வெடிக்கும். ஃப்ரெட்டுகளின் முனை ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கிழிக்கும். ஆகவே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடும் மூடிய அறை இல்லாமல் இங்கே நல்ல கிட்டார் செய்ய இயலாது. மரத்தை ஆண்டுக்கணக்கில் அடுக்கி ஆறவைப்பதும் தவிர்க்க முடியாதது. இரண்டுக்கும் முதல் வேண்டும், மின்கட்டணம் வேண்டும், காத்திருக்கும் மனம் வேண்டும். கைவினைக் கிட்டாரின் விலை லட்சத்தைத் தாண்டுவதற்கு இதுவும் காரணம்.

ஆனால் செய்ய முடியும் என்பதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மறுமுனை காட்டியிருக்கிறது. ஆரோவில்லில் எரிசா நியோகி பல்லாண்டாகக் கையால் கிட்டார் செய்கிறார். நாட்டின் முன்னணிக் கலைஞர்கள் தேடிப் போகும் பட்டறை. அவரிடம் கற்ற தருண் சேகர் சென்னையில் 'உரு' என்ற பெயரில் பட்டறை வைத்துக் கிட்டார்ப் பட்டறையில் பெற்ற தேர்ச்சியை யாழின் பக்கம் திருப்பினார். அவர் செய்த யாழ் பாட்டிலும் மேடையிலும் ஒலித்தது. விபுலாநந்தரின் கணக்குக்கு எழுபது ஆண்டுக்குப் பிறகு ஒரு கிட்டார்ப் பட்டறை வழியாகக் கை கிடைத்தது என்றால், எந்த மரபு எந்த மரபுக்கு உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் ஆகாது.

இந்த இரண்டு பட்டறைகளும் தற்செயல். தொழிலாவதற்கு அது போதாது. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி இருக்கிறது. கல்லும் உலோகமும் சுதையும் அங்கே முறையாகப் படிப்பாக நிலைத்துவிட்டன. இசைக்கருவித் தச்சுக்கு அப்படி ஓர் இடம் தமிழகத்தில் இல்லை. வீணை ஆசாரி ஒருவர், கிட்டார்க் கைவினைஞர் ஒருவர், கமகம் தெரிந்த கிட்டார்க் கலைஞர் ஒருவர் என மூவரை ஒரு கூரையின்கீழ் ஐந்தாண்டு வைத்தால் என்ன பிறக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. செலவு ஒரு சாலைச் சந்திப்பின் அலங்கார வளைவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மரம் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஈட்டி மட்டுமே மரமல்ல. தமிழக விவசாயிகள் இருபது ஆண்டாக மகோகனி நட்டு வருகிறார்கள். கிட்டாரின் கழுத்துக்கு மகோகனி உலகறிந்த மரம். வீணைக்குப் பாடும் பலா, கிட்டாரின் முதுகுக்கும் பொருந்துமா என்று முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பலாத் தோப்புகளைச் சாய்த்தபோது அத்தனை மரமும் எங்கே போயிற்று என்று இசைக்கருவி பக்கத்திலிருந்து யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முகப்புக்கு வேண்டிய ஸ்புரூஸ் நம் காட்டில் இல்லை. அதை இமயமலையிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ தருவிக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட விநோதமானது நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை இனங்களில் கருஞ்சீகை ஒன்று. பிளாக்வுட் என்பார்கள். சோலைக் காட்டையும் புல்வெளியையும் விழுங்கிய அந்நிய மரம் என்று நம் வனத்துறை அதை ஒழிக்கப் பார்க்கிறது. 2022இல் இத்தகைய அந்நியத் தாவரங்களுக்கென்று மாநிலக் கொள்கையும் வந்தது. ஆஸ்திரேலியாவிலோ அதே மரத்தில்தான் மேட்டன், கோல் கிளார்க் போன்ற நிறுவனங்கள் தங்கள் சிறந்த கிட்டார்களைச் செய்கின்றன. ஹவாயின் கோவா மரத்துக்கு நெருங்கிய உறவு அது. வெட்டியே தீர வேண்டிய மரம். வெட்டினால் சூழலுக்கு நன்மை. பாதுகாப்புச் சட்டத்தின் சிக்கலும் இல்லை. ஆனால் மலையில் வெட்டப்படும் சீகை விறகுக்கும் காகிதக் கூழுக்கும்தான் போகிறது. முதிர்ந்த மரங்களைப் பிரித்தெடுத்து, ஆரக்கால் வாக்கில் அறுத்து, நிழலில் இரண்டு மூன்று ஆண்டு ஆறவைக்க ஒரு கிடங்கு வேண்டும். அறுவை ஆலைக்காரர்கள் கட்டையை எப்படி வைத்து அறுத்தால் பலகை அதிகம் கிடைக்கும் என்றே பார்ப்பார்கள், அது அவர்கள் தொழில். கிட்டாருக்கு அறுக்கும் வாக்கில் சேதாரம் அதிகம். அந்தச் சேதாரத்துக்கும் சேர்த்து விலை கொடுக்க முன்வரும் முதல் பட்டறை எதுவோ, நீலகிரிச் சீகை அங்கேதான் கிட்டாராகும்.